வேலையை விடாமல் எம்.பி.ஏ.: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்தபோது, 31 வயதில், தொலைநிலை வழியில் எம்.பி.ஏ. சேர்ந்தேன். அப்போது மகளுக்கு நான்கு வயது. இரண்டு ஆண்டுப் படிப்பை மூன்று ஆண்டில் முடித்தேன். அதன் பிறகு கம்பெனிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர்கள் தொடங்கி, உறவுக்காரர்களின் பிள்ளைகள் வரை பலரும் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

வேலையில் இருந்தபடியே எம்.பி.ஏ. படிக்க என்னென்ன வழிகள் உண்டு?

நான்கு வழிகள் உண்டு. ஒன்று, மாலை நேர வகுப்பு. வேலை முடிந்து நேராக வகுப்புக்குப் போக வேண்டும். பெரும்பாலும் மூன்று ஆண்டுகள் ஆகும். சென்னையில் லயோலா வளாகத்தில் 1979-ல் தொடங்கப்பட்ட லிபா நிறுவனத்தின் மாலைப் படிப்பு இந்த வகையில் பெயர் பெற்றது. இரண்டாவது, சில ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கென்றே நடத்தப்படும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. இதற்கு வார இறுதிகளில் வகுப்பு இருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யின் மேலாண்மைத் துறை இதை நடத்துகிறது, திருச்சி ஐ.ஐ.எம். (இந்திய மேலாண்மை நிறுவனம்) சென்னையிலேயே வார இறுதிப் படிப்பு வைத்திருக்கிறது.

மூன்றாவது, தொலைநிலைக் கல்வி. 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (எல்லோரும் இக்னோ என்பார்கள்), 2002-ல் உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், 1981 முதல் அஞ்சல்வழிக் கல்வி நடத்திவரும் சென்னைப் பல்கலைக்கழகம் ஆகியவை நம் பக்கத்தில் அதிகம் பேர் நாடும் இடங்கள். நான்காவது இணையவழி எம்.பி.ஏ. பாடம், வகுப்பு, சந்தேகம் கேட்பது எல்லாம் கணினி வழியே நடக்கும். இந்த நான்கிலும் சேராத தனி வகை ஒன்றும் இருக்கிறது. ராஜஸ்தானின் பிலானியில் உள்ள பிட்ஸ் நிறுவனம் 1979 முதல் பணியாளர்களுக்கென்று நடத்திவரும் படிப்புகள் அவை. அவற்றில் சேர நீங்கள் வேலை செய்யும் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும்.

முதல் இரண்டு வழிகளில் நீங்கள் பணம் கொடுப்பது ஆசிரியரோடும் வகுப்புத் தோழர்களோடும் நேரில் உட்கார்ந்து படிப்பதற்காக. பின் இரண்டிலும் உங்கள் நேரம் உங்கள் கையில் இருக்கிறது. சுழற்சி ஷிஃப்டில் இருப்பவர் மாலைக் கல்லூரியில் சேர்ந்தால், இரண்டாம் ஷிஃப்ட் வரும் வாரமெல்லாம் வகுப்பைத் தவறவிடுவார். கல்லூரியின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஷிஃப்ட் அட்டவணையைப் பாருங்கள்.

தொலைநிலையில் வாங்கிய எம்.பி.ஏ. நேரடி எம்.பி.ஏ.வுக்குச் சமமா?

சட்டப்படி சமம்தான். அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் தொலைநிலையிலும் இணைய வழியிலும் தரும் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020 விதிகள் சொல்கின்றன. 2022 செப்டம்பரில் இதை மீண்டும் தெளிவுபடுத்தி அறிவிப்பும் வந்தது.

வேலை கொடுப்பவர் எப்படிப் பார்க்கிறார் என்பது வேறு கேள்வி. சில தனியார் நிறுவனங்கள் விளம்பரத்திலேயே 'முழுநேர எம்.பி.ஏ. மட்டும்' என்று போட்டுவிடும். நீங்கள் குறி வைக்கும் வேலை அப்படிப்பட்டதா என்று சேரும் முன்பே நாலைந்து விளம்பரங்களைத் தேடிப் படியுங்கள். அரசுப் பணிக்கும் ஆசிரியர் பணிக்கும் போக நினைப்பவர்கள் அந்தந்தப் பணிக்கான தகுதி விதிகளை வரி வரியாகப் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அதன்பின் பட்டம் என்ற வரிசை உங்களுக்குச் சரியாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலையில் பட்டம் வாங்கியவர்கள் தமிழ்நாட்டு அரசுப் பணிக்குப் போகும்போது தவித்திருக்கிறார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே படித்ததைச் சிறுமையாக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிகாகோ பல்கலைக்கழகம் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.வை 1943-லேயே தொடங்கிவிட்டது. பணியில் இருப்பவர்களுக்கு மேலாண்மை கற்றுத்தருவது மதிப்பான காரியம் என்று அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கீகாரம் இருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நான் ஏமாந்திருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, டீக்கடை மாடியில், ஒரு 'படிப்பு மையம்'. வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரைப் பெரிதாக எழுதி, 'ஒரே ஆண்டில் எம்.பி.ஏ.' என்று பலகை வைத்திருந்தார்கள். எட்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டினேன். வீட்டுக்கு வந்து ரசீதை எடுத்துப் பார்த்தபோதுதான் அதில் மையத்தின் பெயரைத் தவிர எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை என்பது உறைத்தது. அடுத்த வாரம் போய்க் கேட்டேன். 'புத்தகம் வரும் மேடம், கவலைப்படாதீர்கள்' என்றார்கள். பணமும் வரவில்லை, புத்தகமும் வரவில்லை.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். தொலைநிலை, இணையவழிப் படிப்புகளுக்கு மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பணியகம் அனுமதி தருகிறது. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டு என்று அதன் இணையதளத்தில் பட்டியல் இருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எம்.பி.ஏ. அதில் இருக்க வேண்டும், நீங்கள் சேரும் ஆண்டும் பருவமும் அதில் இருக்க வேண்டும். போன ஆண்டு இருந்த அனுமதி இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியை ஒட்டியும் ஜூலையை ஒட்டியும் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

2024-ல் நல்ல ஏற்பாடு ஒன்றும் வந்தது. தொலைநிலையிலோ இணைய வழியிலோ சேரும் மாணவர், முதலில் அந்தப் பணியகத்தின் தளத்தில் தனக்கென ஓர் அடையாள எண் எடுக்க வேண்டும். அதற்கு, மாணவர் பெறும் கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் அரசின் இணையக் கணக்கான ஏ.பி.சி.யின் எண் தேவை. இந்த எண்ணைக் கேட்காமலேயே ஒருவர் உங்களைச் சேர்த்துக்கொள்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வேறொருவருக்குக் கிளை உரிமை (ஃபிரான்சைஸ்) கொடுத்துப் பட்டப் படிப்பு நடத்துவதற்கு விதிகளில் இடமே இல்லை. கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் நேரடியாகச் செலுத்துங்கள். தரகர் கையில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பி.ஜி.டி.எம். என்று போட்டிருக்கிறதே, அது பட்டமா?

அது மேலாண்மையில் முதுநிலைப் பட்டயம் (டிப்ளமோ). பல்கலைக்கழகத்தோடு இணையாத தன்னாட்சி நிறுவனங்கள் பட்டம் தர முடியாது என்பதால் இந்தப் பெயர். ஐ.ஐ.எம்.களே 2017-ல் இயற்றப்பட்ட தனிச் சட்டம் வரும்வரை பட்டயம்தான் தந்துகொண்டிருந்தன. தனியார் துறையில் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. பிறகு முனைவர் பட்டம் செய்யவோ அரசுப் பணிக்குப் போகவோ எண்ணம் இருந்தால், அந்தப் பட்டயம் எம்.பி.ஏ.வுக்கு இணை என்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் ஏற்றிருக்கிறதா என்று பாருங்கள்.

இணையக் கல்வி நிறுவனங்கள் விற்கும் ஆறு மாத, பதினொரு மாதச் சான்றிதழ்கள் வேறு. அவற்றில் நல்ல பாடங்கள் இருக்கலாம், ஆனால் அவை பட்டம் ஆகாது.

தகுதி என்ன? நுழைவுத் தேர்வு எழுத வேண்டுமா?

ஏதேனும் ஒரு பட்டத்தில் 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் என்பது பொதுவான அளவு. இக்னோவில் முன்பு நுழைவுத் தேர்வு இருந்தது, இப்போது இல்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நேரடி எம்.பி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு உண்டு. எக்ஸிகியூட்டிவ் படிப்புகளுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் கேட், ஜிமேட் போன்ற பொது நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண் கேட்பார்கள். சிலர் தாங்களே தேர்வு வைப்பார்கள். நேர்காணல் அநேகமாக எல்லா இடத்திலும் இருக்கும். அந்த நேர்காணலில் அவர்கள் தோண்டித் தோண்டிக் கேட்பது உங்கள் வேலையைப் பற்றித்தான்.

வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்க வேண்டும்?

என்னிடம் வருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. பெரும்பாலோர் கடைசியில்தான் கேட்கிறார்கள்.

இக்னோவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாள் ஒன்றுக்கு 120 மணி நேரம். ஒரு பருவத்தில் ஆறு தாள் எடுத்தால் 720 மணி நேரம். ஆறு மாதத்தின் 26 வாரத்தால் வகுத்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 28 மணி நேரம் வருகிறது. இனி உங்கள் வாரத்தைப் பார்ப்போம். மொத்தம் 168 மணி. வேலை 48. எனக்குத் தாம்பரத்திலிருந்து போக வர நாளைக்கு இரண்டரை மணி, ஆறு நாளுக்கு 15. தூக்கம் ஏழு மணி வீதம் 49. மீதி 56. சமையல், குளியல், சாப்பாடு, துணி, மகளின் பள்ளி, கடைகண்ணி, ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல் எல்லாம் இந்த 56-க்குள் அடங்க வேண்டும். நான் உண்மையாக எழுதிப் பார்த்தபோது படிப்புக்கு மிஞ்சியது 13 மணி நேரம்.

28-க்கும் 13-க்கும் நடுவே இருந்த இடைவெளியை முதல் பருவத்தில் தூக்கத்தில் கை வைத்து நிரப்பப் பார்த்தேன். இரண்டாம் மாதத்தில், அளவுமானியைக் கையில் வைத்துக்கொண்டே அளவைத் தப்பாகப் பதிவு செய்தேன். ஒரு தொகுதி முழுவதையும் திரும்பச் சோதிக்க வேண்டியதாயிற்று. அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து, இரண்டு ஆண்டு என்ற பிடிவாதத்தை விட்டேன். பருவத்துக்கு நான்கு தாள் மட்டும் எழுதுவது, மூன்று ஆண்டில் முடிப்பது என்று முடிவு செய்தேன்.

தொலைநிலைப் படிப்புகளில் குறைந்தபட்சக் காலம், அதிகபட்சக் காலம் என்று இரண்டு இருக்கும், இக்னோ எம்.பி.ஏ.வுக்கு அது இரண்டு முதல் நான்கு ஆண்டுகள். அந்த இடைவெளி நம்மைப் போன்றவர்களுக்காகவே இருக்கிறது. அதைப் பயன்படுத்த வெட்கப்படாதீர்கள். சேரும் முன் ஒரு வாரம், மறைக்காமல், மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து மணி நேரத்துக்குக் கீழே வந்தால் எக்ஸிகியூட்டிவ் படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்ட வேண்டாம். அது எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தாலும் சரி.

படிக்கும் இடமும் முக்கியம். எனக்குக் காலைப் பேருந்தில் முக்கால் மணி நேரம் நன்றாக ஓடியது. திரும்பும்போது கண் சொருகிவிடும். அந்த நேரத்தை விட்டுவிட்டேன். ஞாயிறு காலை ஐந்து முதல் எட்டு வரை, வீடு விழிப்பதற்கு முன், சமையலறை மேடையில் புத்தகத்தை வைத்து எழுதியதுதான் என்னைக் கரையேற்றியது.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? கடன் வாங்கலாமா?

அரசுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்பு ஆயிரங்களில் முடிந்துவிடும். பெயர் பெற்ற நிறுவனங்களின் வார இறுதிப் படிப்பு பல லட்சங்களுக்குப் போகும். பருவத்துக்குப் பருவம் பிரித்துக் கட்ட வசதி இருந்தால் அதுவே சிறந்தது, நடுவில் நிலைமை மாறினாலும் மொத்தப் பணமும் போகாது.

கடனைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய், பத்தரை சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 10,750 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி வரும். இந்தத் தொகையை இன்றைய சம்பளத்திலிருந்தே கட்ட முடியுமா என்று பாருங்கள். படித்து முடித்தபின் வரப்போகும் சம்பளத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கல்விக் கடனின் வட்டிக்கு எட்டு ஆண்டுகள் வரை வரிச் சலுகை உண்டு. ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறைக்கு மாறிவிட்டவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பகுதிநேரப் படிப்புக்குக் கடன் தருவதில் வங்கிக்கு வங்கி நிலைப்பாடு மாறுகிறது. நகையை அடகு வைக்கும் முன் இரண்டு மூன்று வங்கிகளிலாவது கேளுங்கள்.

சில நிறுவனங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தரும். பதிலுக்கு இத்தனை ஆண்டு இங்கேயே இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கும். அந்தத் தாளை ஒரு நாள் வீட்டுக்கு எடுத்துவந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அலுவலகத்தில் சொல்லலாமா, மறைத்துப் படிக்கலாமா?

அரசு ஊழியர்கள், பொதுத்துறை, வங்கிப் பணியாளர்கள் முன் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சேர வேண்டும். அனுமதி இல்லாமல் வாங்கிய பட்டத்தைப் பணிப் பதிவேட்டில் ஏற்றப் பிறகு அலைய நேரும்.

தனியாரில் உங்கள் மேலாளரைப் பொறுத்தது. நான் முதல் பருவம் சொல்லாமல் படித்தேன். தேர்வுக்கு விடுப்புக் கேட்டபோது பொய் சொல்ல வேண்டிவந்தது. அது மனதை மிகவும் உறுத்தியது. இரண்டாம் பருவத்தில் சொல்லிவிட்டேன். மேலாளர் இரண்டு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, 'எந்தத் தேதி, எழுதிக் கொடுங்கள், ஷிஃப்ட் மாற்றிப் போடுகிறேன்' என்றார். எல்லாருக்கும் அப்படி ஒருவர் அமைய மாட்டார் என்பது தெரியும். ஆனாலும் தேர்வு ஒரு மாதம் வரை நீளும், வேலை நாட்களிலும் வரும். ஈட்டிய விடுப்பை ஆண்டுத் தொடக்கத்திலிருந்தே சேர்த்து வையுங்கள். இக்னோ போன்ற இடங்களில் பருவத் தேர்வு ஜூன், டிசம்பர் என்று நிலையாக இருப்பதால் திட்டமிட முடியும்.

கணக்குப் பக்கம் போய்ப் பத்தாண்டு ஆயிற்று. ஆங்கிலமும் தடுமாறும். என்னால் முடியுமா?

முடியும். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. எம்.பி.ஏ.வில் வரும் கணக்கில் பெரும்பகுதி சதவீதம், விகிதம், சராசரி, கூட்டு வட்டி, கொஞ்சம் புள்ளியியல். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கைவிடக் கடினமானது அதில் அரிது. சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதம் பள்ளிப் பாடநூலின் அந்த அத்தியாயங்களை மட்டும் போட்டுப் பாருங்கள்.

எனக்கு அடி விழுந்தது கணக்குப் பதிவியலில். பொறியியல் படித்தவள்தானே, எண் என்றால் பயம் எதற்கு என்று சூத்திரங்களை மனப்பாடம் செய்து போனேன், தோற்றேன். பிறகு பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு வாகன நிறுவனத்தின் ஆண்டறிக்கையை இறக்கி, இருப்புநிலைக் குறிப்பை (பேலன்ஸ் ஷீட்) ஒவ்வொரு வரியாகப் படித்தேன். 'சரக்கிருப்பு', 'வர வேண்டிய தொகை', 'கொடுக்க வேண்டிய தொகை' என்று பக்கத்தில் தமிழில் பென்சிலால் எழுதினேன். நான் தினமும் பார்க்கும் பொருள்களின் பெயர்கள்தான் அவை என்று புரிந்த பிறகு அந்தத் தாள் அச்சுறுத்தவில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இதே வழியைச் சொல்கிறேன். ஆங்கிலப் புத்தகத்தைப் படியுங்கள், குறிப்பைத் தமிழில் எடுங்கள். யாருக்காவது தமிழில் விளக்கிச் சொல்ல முடிந்தால் பாடம் வந்துவிட்டது என்று பொருள். தேர்வில் எளிய, குறுகிய ஆங்கில வாக்கியங்கள் போதும். விடைத்தாளைத் திருத்துகிறவர் தேடுவது விஷயத்தைத்தான்.

எந்தச் சிறப்புப் பிரிவை எடுப்பது?

இப்போது செய்கிற வேலைக்குப் பக்கத்து மேசையில் என்ன நடக்கிறதோ அதை எடுங்கள். உற்பத்தியில் இருப்பவர் விநியோகச் சங்கிலி, கணக்குப் பிரிவில் இருப்பவர் நிதி, விற்பனையில் இருப்பவர் சந்தையியல். முற்றிலும் புதிய துறைக்குத் தாவ எம்.பி.ஏ. மட்டும் போதாது, அங்கே உங்களிடம் அனுபவம் கேட்பார்கள்.

அசைன்மென்ட், ப்ராஜெக்ட் எல்லாம் எழுதித் தர ஆள் இருக்கிறார்களாமே?

இருக்கிறார்கள். செராக்ஸ் கடையில் அடுக்கி வைத்தே விற்கிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

தொலைநிலைப் படிப்பில் மதிப்பெண்ணில் 30 சதவீதம் வரை அசைன்மென்ட் போன்ற தொடர் மதிப்பீட்டுக்கு, குறைந்தது 70 சதவீதம் பருவ இறுதித் தேர்வுக்கு. அந்த 30-ஐக் காசு கொடுத்து வாங்குபவர் மீதி 70-க்கு வெறுங்கையோடு போய் உட்காருகிறார். தாள் திரும்ப வந்துவிடும் அபாயம் தனி. இவற்றையெல்லாம் விட எனக்கு வருத்தம் தருவது வேறு. வாரம் முழுக்க வேலையில் நொந்துபோன ஒருவர், இரண்டாண்டுக் காலத்தையும் பணத்தையும் கொடுத்துவிட்டு, எதையும் கற்காமல் காகிதத்தோடு நிற்கிறார். ப்ராஜெக்ட் என்பது உங்கள் சொந்த அலுவலகத்தின் ஒரு தொல்லையை எடுத்து, உட்கார்ந்து யோசிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. அதை விற்பனைக் கடையில் விட்டுவிடுவார்களா?

குழந்தை, வீடு, வேலை, இதற்கு மேல் படிப்பும் எப்படி?

பெண்கள் என்னைத் தனியாக அழைத்துக் கேட்கும் கேள்வி இது. ஆண்கள் கேட்பதே இல்லை. அவர்கள் வீட்டில் யாரோ இதைச் சுமக்கிறார்கள்.

நான் செய்த தவறு, யாரிடமும் எதுவும் கேட்காமல் எல்லாவற்றையும் நானே செய்துகொண்டு, நடு இரவில் படித்தது. ஒரு நாள் மகள் பள்ளிப் பையில் டிபன் டப்பா வைக்க மறந்துவிட்டேன். பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் தணிக்கையில் நின்றுகொண்டிருந்தேன். அன்று இரவு அத்தையிடம் அழுதுவிட்டேன். அவர், 'சொன்னால்தானே தெரியும்மா' என்றார். மறுநாளிலிருந்து காலை டிபனும் மகளைக் கிளப்புவதும் அவர் பொறுப்பு. ஞாயிறு சமையலும் மாலைக் கடைவேலையும் கணவர் பொறுப்பு. முதல் இரண்டு வாரம் சாம்பாரில் உப்பு கூடியது. யாரும் எதுவும் சொல்லவில்லை.

'உதவி செய்யுங்கள்' என்று பொதுவாகக் கேட்டால் ஒன்றும் நடக்காது. எந்த வேலை, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று பெயர் வைத்துக் கேளுங்கள். தேர்வுத் தேதிகளைச் சமையலறை நாள்காட்டியில் சிவப்பில் வட்டம் போடுங்கள். விருந்தாளிகளை அழைக்கும் முன் வீட்டில் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். பெரியவர்கள் இல்லாத வீடு என்றால், பகல்நேரக் காப்பகச் செலவையும் படிப்புச் செலவில் சேர்த்து எழுதுங்கள். அது படிப்புக்கான செலவுதான்.

ஒரு தாளில் தோற்றுவிட்டால்?

அடுத்த பருவத்தில் எழுதலாம். அரியர் இல்லாமல் முடித்தவர்களை என் வகுப்பில் விரல் விட்டு எண்ணலாம். ஆனால் தோற்ற வருத்தத்தில் அடுத்த பருவத்துக்கான மறுபதிவைச் செய்ய மறந்துவிடாதீர்கள். தோல்வியைவிட, தவறிய கடைசித் தேதிகள்தான் அதிகம் பேரின் படிப்பை முடக்கியிருக்கின்றன.

சம்பளம் உயருமா?

சான்றிதழைக் கொண்டுபோய் மனிதவளப் பிரிவில் கொடுத்த மறுமாதமே உயரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். எனக்கு உயரவில்லை. எனக்கு நடந்தது வேறு.

மூன்றாவது பருவத்தில் நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடத் தொழிலை நடத்தத் தேவைப்படும் பணம், பற்றிய பாடம். அந்த வாரம் ஒரு பாகத்தைத் தேடிக் கிடங்குக்குப் போனேன். பேரிங் பெட்டிகள் கூரை வரை அடுக்கி இருந்தன. கீழ் வரிசை அட்டைகளில் தூசி படிந்து, விரல் வைத்தால் தடம் விழுந்தது. அதற்கு முன் நூறு முறை அந்தப் பக்கம் நடந்திருப்பேன். அன்றுதான் கிடங்குக் கணக்கரிடம் கேட்டேன். இருப்பு 42 லட்சம் ரூபாய், ஒரு நாள் பயன்பாடு 70 ஆயிரம். அதாவது 60 நாள் சரக்கு. அனுப்புகிறவர் ஓசூரில் இருக்கிறார், ஒரே நாளில் வண்டி வந்துவிடும். பதினைந்து நாள் இருப்புப் போதும் என்றால் 10.5 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்தால் சரி. மீதி 31.5 லட்சம் வங்கிக் கடனில், 12 சதவீத வட்டியில் தூசி படிந்துகொண்டிருக்கிறது. ஆண்டுக்கு 3.78 லட்சம் ரூபாய்.

ஒரு பக்கத்தில் எழுதிக் கொள்முதல் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, இரண்டு இடத்தில் என் கணக்கைத் திருத்தினார். தீபாவளி விடுமுறையில் லாரி கிடைக்காது, பதினைந்தை இருபதாக்கு என்றார். அடுத்த காலாண்டில் கொள்முதல் அட்டவணையை மாற்றினார்கள். படிப்பு முடிவதற்கு எட்டு மாதம் முன்பு, கொள்முதல் பிரிவில் ஓர் இடம் காலியானபோது, அந்த மேலாளரே என்னைக் கேட்டார். சம்பளம் அந்த மாற்றத்தோடு உயர்ந்தது.

முழுநேரம் படிக்கிறவருக்குக் கிடைக்காதது இது. வியாழக்கிழமை படித்ததை அவர் வெள்ளிக்கிழமை கிடங்கில் போய்ப் பார்க்க முடியாது. ஒவ்வொரு பாடம் முடிந்ததும் 'இது என் அலுவலகத்தில் எங்கே இருக்கிறது' என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

நாற்பது வயதுக்கு மேல் சேரலாமா?

தாராளமாக. என் ஞாயிறு வகுப்பில் 47 வயதில் ஒரு கிளை மேலாளர் இருந்தார். ஆசிரியர் கேஸ் ஸ்டடி கொடுத்தால், அதுபோல ஒன்று தன் கிளையிலேயே நடந்ததாகச் சொல்வார். நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டு அவரைக் கேட்போம்.

யார் சேரக் கூடாது?

இப்போதைய வேலையின் மீதுள்ள வெறுப்பில் மட்டும் சேர்பவர்கள். அவர்களுக்குத் தேவை வேறு வேலை. அதை இப்போதே தேடலாம். வீட்டில் பிரசவமோ பெரியவர்களுக்குச் சிகிச்சையோ நடக்கும் ஆண்டிலும் வேண்டாம், அடுத்த சேர்க்கை ஆறு மாதத்தில் வரும். குறிப்பிட்ட தொழில்நுட்பத் திறன் ஒன்று இல்லாததால்தான் பதவி உயர்வு தடைபடுகிறது என்றால், அந்தத் திறனை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்வது மலிவு.

பாதியில் விட்டுவிட்டேன். மறுபடி தொடர முடியுமா?

பல நேரம் முடியும். அதிகபட்சக் காலம் இன்னும் முடியவில்லை என்றால் மறுபதிவு செய்து விட்ட இடத்திலிருந்து எழுதலாம். காலம் கடந்திருந்தாலும், மறுசேர்க்கைக்குக் கட்டணம் கட்டித் தேர்ச்சி பெற்ற தாள்களைக் காப்பாற்றிக்கொள்ளும் வழியைச் சில பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. பீரோவில் கிடக்கும் பழைய அடையாள அட்டையை எடுங்கள். அதில் உள்ள பதிவு எண்ணையும் சேர்ந்த ஆண்டையும் குறித்துக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் மண்டல மையத்துக்கு நேரில் போங்கள். இக்னோ என்றால் தமிழ்நாட்டில் சென்னையிலும் மதுரையிலும் இருக்கிறது. சனிக்கிழமை விடுப்புப் போட்டுக்கொண்டு போக வேண்டாம், திங்கள் காலையில் போங்கள். வரிசை நீளமாக இருந்தாலும் அதிகாரி இருக்கையில் இருப்பார். மதிப்பெண் பட்டியல்களின் இரண்டு நகல்களையும் எடுத்துப் போங்கள்.